ஊர் வயிறு

கிருபைவிளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வயலெட், இருபது வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கஞ்சி குடித்துச் சுட்ட அப்பளத்தைக் கடித்துக்கொண்டவள். அவள் வயிறு அப்படி. எண்ணெய் பட்டால் எரியும், கறி பட்டால் கல்லாகும், ஒரே ஒரு முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை சுருண்டு கிடக்கவேண்டும். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் வந்து இறங்கி, முந்நூறு வீட்டிலும் அச்சுமுறுக்கு சுட்டு, கேக் வெட்டி, கிடா அடித்து, தின்ற இலை காயுமுன் அடுத்த இலை போடுகிற அந்த ஒரு வாரமும், வயலெட் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு காற்றில் வருகிற மசாலா மணத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய புருஷனுக்கு மும்பையில் மளிகைக்கடை. பண்டிகைக்கு வியாபாரம் அதிகம் என்பதால் அவன் வருவதில்லை. கூட இருந்தது அவனுடைய அண்ணன் பெண்டாட்டி சற்குணம். அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, சுருட்டி வைக்கிற வேலை அவளுக்கு. வயிறு நீவிவிடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவள் கைக்கு மிஞ்சிய கை இல்லை. தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாளானால் குடலில் எங்கே என்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கை இருபது வருஷமாக அதிகம் நீவியது வயலெட்டின் வயிற்றைத்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், பக்கத்து வீட்டிலிருந்து கறிக்குழம்போடு வந்த தூக்குச்சட்டியைச் சற்குணம் திறந்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன நேரத்தில், வயலெட் அதற்குள் கையைவிட்டாள். ஒரு துண்டு என்று நினைத்து எடுத்தவள் சட்டியை வழித்து நக்கி முடித்தபிறகுதான் நிமிர்ந்தாள். சற்குணம் திரும்பி வருகையில் அவள் தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இப்பிடிப் பண்ணிட்ட, கொலகாரி!" என்று வைதுகொண்டே சற்குணம் எண்ணெயை எடுத்துவந்து நீவ ஆரம்பித்தாள். அரைமணி நேரம் நீவியும் அடங்கவில்லை. வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, நோவுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தாயும் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்: "ஆண்டவரே, இந்த வயித்துவலிய எனக்குக் குடுத்துருமய்யா. இவ ஒருநாளாவது வாய்க்கு ருசியாத் திங்கட்டும்."

சொல்லி முடித்ததும் வலி போயிற்று. சொல்லிக்கொண்டு எழுந்து போகிற விருந்தாளியைப் போல வயலெட்டின் வயிற்றிலிருந்து இறங்கி, சற்குணத்தின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. சற்குணம் சுவரில் சாய்ந்து ஒரு நீண்ட ஏப்பம் விட்டாள்.

"கிராம்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டாவ," என்றாள்.

ஒரு வயிறு போன பாதையை மற்ற வயிறுகளும் எப்படிக் கண்டுபிடித்தன என்று யாருக்கும் தெரியாது. விளக்கு வைப்பதற்குள் நடுத்தெருவும் வடக்குத் தெருவும் முழுவதுமாக வந்துவிட்டன, ராத்திரிச் சாப்பாட்டோடு தெற்குத் தெருவும் வந்து சேர்ந்தது. கிருபைவிளையில் எவர் எதைத் தின்றாலும், ருசி அவர்கள் நாக்கில் நின்றது, சத்து அவர்கள் உடம்பில் ஊறியது, பாரமும் உப்புசமும் நெஞ்செரிச்சலும் மட்டும் சற்குணத்தின் வயிற்றுக்குப் போயின.

முதலில் கண்டுகொண்டவன் சோடாக் கடைக்காரன். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் அவன் கடையில் தள்ளுமுள்ளு நடக்கும். அன்று ஒருத்தரும் வரவில்லை. "ஊருல ஒருத்தனுக்குக்கூடவா வயிறு பொருமல?" என்று அவன் ஆற்றாமையோடு தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போனபோதுதான், ஒவ்வொருவரும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பதினாலு தோசையும் ஒரு கோழியும் உள்ளே போனவன் வயிறு, நோன்பிருந்தவன் வயிறு மாதிரி லேசாகக் கிடந்தது.

அதற்குள் சற்குணத்தின் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அவள் வயிறு நிறைமாதக்காரியின் வயிறாக எழும்பி நிற்க, ஏப்பத்துக்கு ஒரு வீட்டின் அடுக்களையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது தெக்குத் தெரு. முந்தாநாத்துக் கேக்க வீணாக்கப்படாதுன்னு தின்னுருக்காவ." இன்னொரு ஏப்பம். "இது முயல். யாரு வீட்டுலன்னு சொல்லமாட்டேன், அவ்வோ பெஞ்சாதிக்குக் குடுக்காமத் தின்னுருக்காவ." ஜனங்கள் சிரித்தார்கள். முயல் தின்றவனும் சிரித்தான். குருவானவர் வந்து அவள் தலையில் கைவைத்து, இந்த அம்மாளின் வேதனை நீங்கவேண்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்தார். அவரும் காலையில் ஆப்பமும் கறிக்குழம்பும் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டிருந்தார், ஜெபத்தின் நடுவில் தன் நெஞ்செரிச்சல் காணாமல் போயிருப்பது அவருக்குப் புலப்பட்டது. விண்ணப்பமாகத் தொடங்கிய ஜெபம் ஸ்தோத்திரமாக முடிந்தது.

சபைக் கமிட்டிச் செயலாளர் தனசிங், ஓய்வுபெற்ற எட்மாஸ்டர், எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவராமல் விடமாட்டார். முந்நூறு வீடும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் சற்குணம் தாங்கமாட்டாள் என்று சொல்லி அவரே ஒரு கால அட்டவணை எழுதினார். வடக்குத் தெரு பன்னிரண்டு மணிக்கு, நடுத்தெரு ஒரு மணிக்கு, தெற்குத் தெரு இரண்டு மணிக்கு. எழுதிக் கோயில் சுவரில் ஒட்டியபோது, இப்படி ஒரு இரக்கம் யாருக்கு வரும் என்று ஜனங்கள் அவரைப் புகழ்ந்தார்கள்.

இரக்கத்துக்கு அந்த ஊரில் குறைச்சலே இல்லை. வீட்டுக்கு வீடு சற்குணத்துக்கு மருந்து கொண்டுவந்தார்கள். சுக்குத்தண்ணி கொண்டுவந்தார்கள், ஓமத்தண்ணி கொண்டுவந்தார்கள், பெருங்காயம் கரைத்த மோர், இஞ்சிச் சாற்றில் தேன், வெற்றிலையில் மடித்த மிளகு, கருப்பட்டி போட்டு இடித்த சீரகம், துபாய்க்காரர் வீட்டிலிருந்து தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு எழும்பும் ஒரு வெள்ளைப் பொடி. ஒரு வீட்டு மருந்தைக் குடித்துவிட்டு இன்னொரு வீட்டு மருந்தைக் குடிக்காவிட்டால் மனத்தாங்கலாகிவிடுமே என்று அவள் எல்லாவற்றையும் குடித்தாள். சாப்பிட்டால் நூறு அடியாவது நடந்தால்தான் செரிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. தின்றவர்கள் படுத்துத் தூங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் நூறு அடி என்று கணக்கு வைத்து, பெண்கள் முறைபோட்டுக்கொண்டு சற்குணத்தின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துக் கோயில் முற்றத்தில் நடத்தினார்கள். காலையில் ஆரம்பித்த நடை பொழுது சாய்ந்தும் முடியாது.

மருந்து கொண்டுவந்த ஒருவரும் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிடவில்லை.

குறைப்பது எங்கே, கூட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிரசத்தை அடுக்கி வைத்துத் தின்றார்கள். பல் விழுந்த கிழவர்கள் எலும்பைக் கேட்டு வாங்கினார்கள். மூன்று நாள் லீவில் வந்தவர்கள் போன் போட்டு பத்து நாளாக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் தூக்கமுடியாத பெட்டிகளோடு வந்து இறங்கி, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்," என்றார்கள்.

வயலெட் தின்றாள். ஆட்டுக்கறி ஒரு வாயில் எப்படி இருக்கும், ஈரல் எப்படி இருக்கும், நெய்ச் சோற்றின் அடியில் ஒட்டிய பொறுக்கு எப்படி இருக்கும் என்று அவள் நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டாள். முதல் நாள் அழுதுகொண்டே தின்றாள். இரண்டாம் நாள் கூச்சப்பட்டுக்கொண்டு தின்றாள். மூன்றாம் நாள் தங்கள் நடுத்தெருவின் நேரமான ஒரு மணி எப்போது வரும் என்று பன்னிரண்டு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கன்னம் உருண்டது, கைவளையல் இறுகியது, ஊர்ப் பெண்கள் "வயலெட்டு இப்பத்தான் புதுப்பொண்ணு மாதிரி இருக்கா," என்றார்கள்.

சற்குணம் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட மனமில்லாமல் இல்லை, சாப்பிட இடமில்லை. அவளுக்கென்று ஒரு வாய் சோற்றை உருட்டி வைத்தால் அது தொண்டைக்குள் போய் அங்கேயே நின்றது, கீழே முந்நூறு வீட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வயிறு பந்தி அண்டாவாகப் பெருத்துக்கொண்டு போக, கையும் காலும் கழுத்தும் ஈர்க்குச்சியாக வற்றிக்கொண்டு போயின. மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. நாலாம் நாள் அவள் தனசிங்கைக் கூப்பிட்டனுப்பினாள்.

"எட்மாஸ்டரய்யா, நான் யாரையும் பட்டினி கெடக்கச் சொல்லல. ஆளுக்கு ஒரு கை சோறு, ஒரே ஒரு கை, கொறச்சுச் சாப்பிடச் சொல்லுங்க. அந்த எடத்துல நான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுக்கிடுவேன்."

தனசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டினார். சற்குணம் கேட்பது நியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஜனவரி முதல் தேதி கோயில் கட்டிய நூறாவது வருஷத்து அசனம் இருந்தது. வருஷந்தோறும் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த விருந்துக்கு இந்தத் தடவை அறுபது கிடா ஏற்கெனவே வாங்கிக் கட்டியாயிற்று, வெளியூரையும் சேர்த்து மூவாயிரம் பேர் வருகிறார்கள், வருகிறவர்களிடம் போய் ஒரு கை குறைத்துச் சாப்பிடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு கை சோறு குறைப்பது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. தனசிங்கே வந்து சற்குணத்திடம் வாசித்துக் காட்டினார்.

"இன்னும் நாலே நாளு. ஒங்களுக்காக நாங்க எல்லாரும் ஜெபிக்கோம்," என்றார்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், நடத்துகிற பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சற்குணம் வயலெட்டைக் கிட்டே கூப்பிட்டாள். வீட்டுப் பெஞ்சில் மல்லாந்து கிடந்தவளுக்குத் தன் வயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வயலெட்டின் முகம் தெரியவில்லை. வயலெட் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள்.

"நான் ஒன் வயித்தத்தாம்ட்டி கேட்டேன்," என்றாள் சற்குணம். "ஊரு வயித்தக் கேக்கல."

"தெரியும்க்கா."

"ஒன்னுகிட்டருந்துதான் இது தொடங்குச்சு. நீ திருப்பிக் கேட்டியன்னா எல்லாம் அதது எடத்துக்குப் போயிரும்னு எனக்குத் தோணுது. ஒரு வார்த்த சொல்லு. என் வயித்துவலி எனக்கே வரட்டும்னு சொல்லு. நான் பழையபடி ஒனக்கு நீவி விடுதேன். சாகுற மட்டும் நீவி விடுதேன்."

வயலெட் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டும் என்றுதான் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்காக வெட்டிய நீளக் குழி அடுப்புகளில் மசாலா வறுக்க ஆரம்பித்தார்கள். மல்லியும் மிளகும் கசகசாவும் பட்டையும் கலந்த வாசம் சன்னல் வழியாக வந்து அறை முழுக்க நின்றது. இருபது அசனத்துக்கு அவள் அந்த வாசத்தோடு நின்றிருக்கிறாள், இலையில் உட்கார்ந்ததில்லை. அவள் திறந்த வாயில் எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒருநாள்," என்றாள். "அசனம் முடியட்டும்க்கா. முடிஞ்ச கையோட வந்து சொல்லிருதேன். சத்தியமாச் சொல்லுதேன்."

சற்குணம் அவளைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "மசாலா கருகப்போவுது. அடுப்பத் தணிக்கச் சொல்லு," என்றாள்.

அசனத்தன்று அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலின் ஓரத்தில் நிழலாக ஒரு இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு மின்விசிறியும் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் குழந்தைகளை அழைத்துவந்து காட்டினார்கள். ஜெபம் முடிந்ததும் தனசிங் மைக்கைப் பிடித்து, இந்த நூறு வருஷத்தில் இந்தச் சபைக்கு இவரைப்போல் ஊழியம் செய்தவர் கிடையாது என்று சொல்லி, ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை அவளுக்குப் போர்த்தினார். அவள் தோள் எலும்பில் அது நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது, கடைசியில் வயிற்றின்மேல் விரித்துவிட்டார்கள். மூவாயிரம் பேர் கை தட்டினார்கள். தட்டி முடித்த கையோடு இலையில் உட்கார்ந்தார்கள்.

வயலெட் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர்கள் ஓலைப்பெட்டியில் சோற்றைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, வாளியில் குழம்பைக் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, இருபது வருஷத்தையும் ஒரு இலையில் உட்கார்ந்து தின்றுவிடுகிறவளைப் போல அவள் தின்றாள். மூன்றாம் பந்தியில் மட்டும் ஒருதடவை தலையைத் தூக்கிப் பந்தலின் ஓரத்தைப் பார்த்தாள். சற்குணத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மருந்து கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, எலும்பை உறிஞ்சினாள்.

நாலாம் பந்தி பாதியில் இருக்கும்போது மூவாயிரம் பேருக்கும் ஒரே நொடியில் வயிறு வலித்தது. சோற்றில் வைத்த கையை எடுக்காமலே ஆட்கள் முன்னால் கவிழ்ந்தார்கள். பரிமாறுகிறவர்கள் வாளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வீறிட்டன. ஒரு வாரத்துக் கறியும் கேக்கும் அதிரசமும் அதது எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பி வந்திருந்தன. தனசிங் மைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சற்குணத்துக்கு என்னாச்சு, யாராவது பாருங்கல," என்று முனகினார்.

அவள் செத்திருந்தாள். பொன்னாடைக்குக் கீழே வயிறு இல்லை. காலிச் சாக்கைப் போலத் தோல் மட்டும் முதுகெலும்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

சாயங்காலம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாள் வந்தாள். சின்ன வயசு, ஊருக்குப் புதிது. தெருவெல்லாம் உருண்டு கிடந்தவர்களுக்கு மருந்து சொல்லிக்கொண்டே வந்தவள், சற்குணத்தின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், கையை ஒடித்துவிடுவோமோ என்கிற மாதிரி மெதுவாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தம்மா பட்டினியால செத்துருக்காங்க," என்றாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"எங்க ஊருலயா?" என்றார் தனசிங். "என்ன வார்த்த சொல்லுதிய டாக்டரம்மா? நூறாவது வருஷத்து அசனத்தன்னைக்கு, கோயில் முத்தத்துல, ஒரு பொம்பள பட்டினியாச் செத்தான்னு எழுதுவியளா? அறுபது கிடா அடிச்சுருக்கோம். அவியளுக்கு நாங்க செய்யாதது என்ன? ஊரே உக்காந்து தாங்குச்சு. அவிய வீட்டு ஆளு இந்தா நிக்கா, கேளுங்க."

டாக்டரம்மாள் திரும்பி வயலெட்டைப் பார்த்தாள். உருண்ட கன்னத்தையும், சதையில் புதைந்திருந்த வளையலையும் பார்த்தாள்.

"நீங்கதான் கூட இருந்தீங்களா? கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

வயலெட் சற்குணத்தின் திறந்த வாயைப் பார்த்தாள். மூவாயிரம் பேர் முனகுவது பந்தல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தனசிங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆட்டுக்கறி," என்றாள். "நெஞ்செலும்பு. ஈரல் ரெண்டு துண்டு. நல்லா வெந்துருந்துச்சு. சோறு மூணு தடவ வாங்குனாவ. சாம்பாரு வேண்டான்னாவ, குழம்பே ஊத்தச் சொன்னாவ. கத்திரிக்காக் கூட்டு தொட்டுக்கிட்டாவ. பொறவு திரும்பவும் கறி. எலும்புக்குள்ள இருந்தத உறிஞ்சுனாவ. பாயசத்த எலையிலயே ஊத்தி வழிச்சுக் குடிச்சாவ." சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிந்தது. "வயிறு நெறையத்தான் சாப்பிட்டாவ."

டாக்டரம்மாள் தன்னைச் சூழ்ந்து நின்ற கமிட்டிக்காரர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து 'அஜீரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் அடக்கம் பண்ணினார்கள். நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆண்பிள்ளைகள் எட்டுப் பேர்கூடத் தேறவில்லை. பெட்டி கனமில்லாததால் நாலு பேரே போதுமாயிருந்தது. குருவானவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெபத்தைச் சுருக்கினார். திரும்பி வருகிற வழியில், ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகை வரைக்குமாவது சற்குணம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். தெருவில் மருந்து கரைக்கிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது.

வயலெட் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் வந்தது தனக்கு இன்னும் வரவில்லையே என்று நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கால்களை மடக்கி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரட்டும், இரண்டு மடங்காக வரட்டும், இருபது மடங்காக வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். என் வயித்துவலி எனக்கே வரட்டும் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு வயிற்றை உற்றுக் கேட்டாள். வெயில் சன்னலிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து தரைக்கும் இறங்கியது. ஒன்றும் வரவில்லை. சற்குணம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்றை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை, தன்னோடு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வயலெட் அழுதாள். அழுது ஓய்ந்தபோது, வயிற்றின் அடியில் ஏதோ மெல்லப் புரண்டது. வந்துவிட்டது என்று பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

பசி.

அடுக்களையில் அசனத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பிய கறிக்குழம்பு ஒரு சட்டி இருந்தது. அவள் மூடியைத் திறந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். கெட்டுப்போகவில்லை.